தொழுநோயாளி வேடத்தில் ஊரைச் சிரிக்க வைத்த நடிகவேள் எம்.ஆர்.ராதா

'ரத்தக் கண்ணீர்' படத்தை முழுதாகப் பார்க்காதவர்கள்கூட அதன் வசனத்தில் இரண்டு வரியாவது சொல்லிக் காட்டுவார்கள். கட்டைக் குரலில் தொடங்கிக் கீச்சுக் குரலில் முடியும் அந்தப் பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தலிலும் காப்பிக்கடை மேசையிலும் இன்றும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்து விழுகிறது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். படம் வெளிவந்தது 1954ஆம் ஆண்டில்.

ஆனால் கதையை மட்டும் எடுத்துச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் ஒருவன் பெற்ற தாயை மதிக்கவில்லை. கட்டிய மனைவியை ஒதுக்கிவிட்டு நாட்டியக்காரி காந்தாவின் வீட்டில் கிடக்கிறான். சொத்தெல்லாம் கரைகிறது. தொழுநோய் பிடிக்கிறது. காந்தா அவனை மாடிப்படியில் எட்டி உதைக்கிறாள். கண் பார்வையும் போய்த் தெருவில் பிச்சை எடுக்கிறான். அழுது தீர்க்க வேண்டிய இந்தக் கதையைத்தான் எழுபது ஆண்டுகளாக மக்கள் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

துயரத்தின் நடுவில் சிரிப்பை வைக்கும் படங்களை இன்றைய இளைஞர்கள் 'டார்க் காமெடி' என்கிறார்கள். வந்த காலத்தோடு மறையாமல், தனக்கென ஒரு தீவிர ரசிகர் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போகும் படங்கள் அந்த வகையில் உண்டு. தமிழில் அதற்கு முதலில் சொல்ல வேண்டிய படம் 'ரத்தக் கண்ணீர்'. அந்தச் சிரிப்புக்கு முழுக் காரணம் மோகனசுந்தரம் என்ற அந்தப் பாவியாக நடித்த எம்.ஆர்.ராதா.

மீன் துண்டுக்காக வீட்டை விட்டவர்

மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பதன் சுருக்கமே எம்.ஆர்.ராதா. 1907ஆம் ஆண்டு சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. தந்தை ராணுவத்தில் இருந்தவர். முதல் உலகப் போரில் உயிரிழந்தார்.

சிறுவயதில் ஒருநாள் சாப்பாட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் கேட்டு, தாய் தர மறுத்ததால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. ஓடிய பையன் போய்ச் சேர்ந்த இடம் ஒரு நாடகக் கம்பெனி.

அப்போது தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் என்றழைக்கப்பட்ட நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தன. சிறுவர்களைச் சேர்த்து, தங்க வைத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்து மேடையேற்றுவார்கள். பள்ளிக்கூடம் போக வசதியில்லாத பல பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம், அதுதான் வீடு. பின்னாளில் தமிழ்த் திரையை ஆண்ட எம்.ஜி.ஆர், சிவாஜி கணேசன் எல்லாரும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள்தாம். ராதா பெயர் வாங்கியது ஜெகந்நாதய்யர் கம்பெனியில். அங்கே நடிப்போடு மோட்டார் வேலை, மின்சார வேலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். மேடையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஜனங்களை வாய் பிளக்க வைத்தவர் என்பார்கள்.

1937ஆம் ஆண்டு 'ராஜசேகரன்' படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். சில ஆண்டுகள் சில படங்களில் நடித்தார். திரை அவருக்கு ஒட்டவில்லை. 1940களின் தொடக்கத்தில் சினிமாவை விட்டு மறுபடியும் மேடைக்கே போனார். தோல்வியடைந்து திரும்பியவர் என்று யாரும் நினைக்க முடியாதபடி, அடுத்த பத்தாண்டுகளில் தமிழ் நாடக மேடையில் அதிகச் சத்தம் எழுப்பிய மனிதர் அவர்தான்.

காலைச் செய்தி, இரவு வசனம்

ஈரோட்டுப் பெரியாரின் கருத்துகள் அவரை இழுத்துக்கொண்டது இந்தக் காலத்தில்தான். 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', 'தூக்குமேடை' என்று நாடகங்கள் அடுக்கடுக்காக வந்தன. 'தூக்குமேடை'யை எழுதியவர் இளம் மு.கருணாநிதி. அவர் பெயருக்கு முன்னால் கடைசிவரை நிலைத்த கலைஞர் என்ற பட்டம், அந்த நாடகத்தின்போது ராதா கொடுத்தது. ராதாவுக்கு நடிகவேள் என்ற பட்டத்தைச் சூட்டியவர் திராவிட இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி.

ராதாவின் நாடகத்தை ஒருமுறை பார்த்தவர் மறுநாளும் வருவார். காரணம், நேற்றைய நாடகம் இன்று இருக்காது. காலையில் நாளிதழில் வந்த செய்தி அன்றிரவே வசனத்துக்குள் புகுந்துவிடும். அமைச்சர், சாமியார், பணக்காரர், எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகர் என்று யாரும் தப்பமாட்டார்கள். கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுத்தால், பாத்திரத்தை விட்டு வெளியே வராமலேயே பதில் கொடுத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவார்.

எல்லாரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. அவர் நாடகங்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தின. ராமாயணத்தைக் கேலி செய்த 'கீமாயணம்' நாடகத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கல் வீச்சு, தடை உத்தரவு, வழக்கு, கைது எல்லாம் நடந்தன. ஒரு பெயரில் தடை வந்தால் அதே நாடகத்தை வேறு பெயரில் போட்டார். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் காசு கொடுத்து வந்து பார்க்க வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அச்சடித்தார்.

1954ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. அது ராதாவைக் குறிவைத்தே கொண்டுவரப்பட்டது என்று அப்போதே பேசப்பட்டது. ஒரு நடிகரின் நாக்கைக் கட்ட ஓர் அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கேலிக்கு எவ்வளவு வலு இருந்திருக்க வேண்டும்! அதே ஆண்டில்தான் 'ரத்தக் கண்ணீர்' திரைக்கு வந்தது.

பகுத்தறிவாளர் ஏற்ற பாவி வேடம்

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' முதலில் நாடகமாகத்தான் பிறந்தது. 1949ஆம் ஆண்டு திருச்சியில் மேடையேறி, பிறகு தமிழ்நாடு முழுவதும் சுற்றியது. 'பராசக்தி' படத்தைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள், அதே படத்தை இயக்கிய கிருஷ்ணன் - பஞ்சு இரட்டையர்களைக் கொண்டு இதைப் படமாக்கினார். நாடகத்தை நிறுத்த ராதா சம்மதிக்கவில்லை. மேடைக்கு இடைஞ்சல் வராத நேரத்தில்தான் படப்பிடிப்பு என்று நிபந்தனை போட்டார். மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனியும் நண்பன் பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரனும் நடித்தார்கள். காந்தாவாக வந்த இளம் நடிகை எம்.என்.ராஜத்துக்கு அந்த ஒரே வேடம் வாழ்நாள் அடையாளமாகிவிட்டது.

இந்தக் கதையை ராதா ஏற்றதில் ஒரு முரண் இருக்கிறது. அவர் கடவுளை நம்பாதவர். பாவம், புண்ணியம், விதி என்பதையெல்லாம் மேடைதோறும் கேலி செய்தவர். கதையோ அப்பட்டமான பாவம் - தண்டனைக் கதை. தாயை அவமதித்தவனுக்கும் தாசி வீடு போனவனுக்கும் நோய் வந்து உடல் அழுகுகிறது. கோயில் கதாகாலட்சேபத்தில் சொல்லக்கூடிய நீதி அது.

ராதா அந்த முடிச்சை நடிப்பால் அவிழ்த்தார். நோய் வந்த பிறகும் மோகனசுந்தரம் திருந்திய பக்தன் ஆகிவிடவில்லை. விரல் மடங்குகிறது, முகம் வீங்குகிறது, கண் மங்குகிறது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பணம் இருந்தபோது ஊரைக் கேலி செய்த அதே நாக்கு, இப்போது பிச்சைக்காரனை விரட்டும் நல்லவர்களைக் கேலி செய்கிறது. பசித்தவனுக்குச் சோறு போடாமல் சாமிக்குப் படைப்பவர்கள், அறிவுரையை இலவசமாக வழங்குபவர்கள் எல்லாரும் அந்த நாக்கில் மாட்டுகிறார்கள். அவன் எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்வது தன்னைத்தான். தன் நோயைக் கண்டு பிறர் முகம் சுளிப்பதற்குள் தானே முந்திக்கொண்டு ஒரு நக்கல் அடித்துவிடுகிறான்.

பார்ப்பவர்கள் அவனை வெறுக்கத் தயாராக வந்து உட்காருகிறார்கள். அவன் படும் பாட்டைப் பார்த்து, வேண்டும் அவனுக்கு என்று நினைக்கிறார்கள். அவன் பேசப் பேசச் சிரிக்கிறார்கள். சிரித்த பிறகு அவனை முழுதாக வெறுக்க முடிவதில்லை. அதற்காக அவன் செய்த துரோகத்தை மன்னிக்கவும் முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பார்வையாளரை நிற்க வைத்ததுதான் ராதாவின் சாமர்த்தியம்.

படத்தில் சி.எஸ்.ஜெயராமன் பாடிய ஒரு பாட்டு மிகவும் பெயர் பெற்றது. குற்றம் செய்தவனுக்கு நிம்மதி இல்லை என்ற கருத்துள்ள சோகப் பாட்டு. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ராதா குறுக்கே புகுந்து தன் கதையைப் பேச்சில் சொல்லிக்கொண்டே போவார். பாட்டு நீதி சொல்கிறது. பேச்சு அந்த நீதிக்குச் சாட்சியும் சொல்கிறது, சண்டையும் போடுகிறது. பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் அழுகை வரும். அவர் குரலோடு கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

கடைசியில் மோகனசுந்தரம் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம் செய்து வைக்கிறான். தன்னைப் போல் யாரும் கெட்டுப்போகாதிருக்க, இந்த நோயுற்ற கோலத்திலேயே தனக்குச் சிலை வைக்கச் சொல்கிறான். கைவிடப்பட்ட மனைவிக்கு மறுமணம் என்பதை 1954ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் வெளிப்படையாகச் சொன்னது சாதாரணம் அல்ல. கற்பு என்ற பெயரில் அவளைக் கடைசிவரை அழவிட்டு முடித்திருந்தால் அன்றைய கொட்டகைகளில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

படம் சொல்லாமல் விட்டது

இன்று பார்க்கும்போது படத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொழுநோய் ஒழுக்கக் கேட்டால் வருவதில்லை. அது கிருமியால் வரும் நோய் என்பதை நார்வே மருத்துவர் ஹேன்சன் 1873ஆம் ஆண்டே கண்டுபிடித்துவிட்டார். நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் 1940களிலேயே பயன்பாட்டுக்கு வந்தன. ஆனாலும் பாவம் செய்தவனுக்கு வரும் நோய் என்ற பழைய நம்பிக்கையின் மீதுதான் இந்தக் கதை நிற்கிறது.

அந்த நம்பிக்கை எத்தனை பேரை வீட்டை விட்டுத் துரத்தியது என்பதை மலேசியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில், எந்தத் தவறும் செய்யாத பலர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தார்கள். ராதாவின் நடிப்பைக் கொண்டாடும்போது அவர்களையும் நினைக்க வேண்டும். மூடநம்பிக்கையை வாழ்நாள் முழுதும் சாடிய மனிதரின் மிகப் பெரிய வெற்றி, ஒரு மூடநம்பிக்கையின் தோளில் ஏறி வந்தது.

சிங்கப்பூர் சிங்காரம்

'ரத்தக் கண்ணீர்' வெற்றிக்குப் பிறகு திரையுலகம் ராதாவை விடவில்லை. வில்லனா, சிரிப்பு நடிகரா என்று பிரிக்க முடியாத ஒரு தனி இடத்தை அவர் பிடித்துக்கொண்டார். 1959ஆம் ஆண்டு 'பாகப்பிரிவினை' படத்தில் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் சிங்காரமாக வந்து, ஒன்றாயிருந்த குடும்பத்தை இரண்டாக்கினார். நம் பக்கத்திலிருந்து போனவர் என்று சொல்லிக்கொண்டு அவர் காட்டிய பகட்டு, சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களையே சிரிக்க வைத்தது.

1961ஆம் ஆண்டு 'பாவ மன்னிப்பு', 1962ஆம் ஆண்டு 'பலே பாண்டியா', 1966ஆம் ஆண்டு 'சித்தி' என்று படங்கள் வரிசையாக வந்தன. 'பலே பாண்டியா'வில் சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. அதில் சங்கீதப் போட்டியில் உட்கார்ந்து அவர் காட்டிய முகபாவங்களை இன்றும் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். கெட்டவனாகவே வந்தாலும் அவர் திரையில் தோன்றியதும் கொட்டகையில் விசில் பறந்தது.

சிரிப்பு நின்ற நாள்

1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி அந்தச் சிரிப்பு நின்றது. சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர் வீட்டுக்கு, படத் தயாரிப்பாளர் ஒருவருடன் ராதா போனார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. இருவருக்கும் குண்டுக் காயம். இருவரும் உயிர் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கழுத்தில் கட்டுடன் அவர் இருக்கும் படம் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவர் வென்றார், அவருடைய கட்சியும் ஆட்சியைப் பிடித்தது.

ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ராதாவின் தரப்பு வாதம் ஏற்கப்படவில்லை. ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார்.

தமிழ்நாடு அவரை வெறுக்க வேண்டிய காரணம் அத்தனையும் அன்று இருந்தது. கோடிக்கணக்கானோர் கடவுளாக நினைத்த மனிதரைச் சுட்டவர் அவர். எம்.ஜி.ஆர் ரசிகர்களுக்கு ராதாவின் பெயரைக் கேட்டாலே ஆத்திரம் வந்தது. ஆனால் மோகனசுந்தரத்தின் வசனத்தை அவர்களாலும் மறக்க முடியவில்லை. திரையில் அந்தப் பாவியிடம் பார்வையாளர்கள் பட்ட அதே அவஸ்தையை, நிஜத்தில் ராதாவிடமும் பட்டார்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்தவர் ஒடுங்கி உட்காரவில்லை. எழுத்தாளர் விந்தனிடம் தன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அது 'எம்.ஆர்.ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்' என்ற நூலாக வந்தது. 'சமையல்காரன்' உள்ளிட்ட சில படங்களில் நடித்தார். நாடகத்தையும் விடவில்லை. இந்திரா காந்தியின் அவசரநிலைக் காலத்தில் மறுபடியும் சிறைக்குப் போனார்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசிய பேச்சின் ஒலிப்பதிவு பல ஆண்டுகள் ஒலிநாடாவாகக் கை மாறி, இப்போது இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடிகர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதீர்கள், நடிப்பு எங்களுக்குப் பிழைப்பு, நீங்கள் உங்கள் பிழைப்பைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். தன்னைப் பார்க்கக் கூடிய கூட்டத்திடமே தன் தொழிலைக் கேலி செய்தார். கேட்டவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

1979ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி திருச்சியில் மஞ்சள் காமாலையால் அவர் காலமானார். அது பெரியாரின் பிறந்தநாள். அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர்.

பிறகும் ஓயாத நாக்கு

ராதாவின் பிள்ளைகளில் ராதாரவி, ராதிகா, நிரோஷா ஆகியோரைத் திரையிலும் தொலைக்காட்சியிலும் எல்லாரும் அறிவார்கள். 'ரத்தக் கண்ணீர்' 2003ஆம் ஆண்டு கன்னடத்தில் உபேந்திரா நடிக்க மறுபடி எடுக்கப்பட்டு, அங்கும் இளைஞர்களிடையே தனி ரசிகர் கூட்டத்தைப் பெற்றது. அவரைக் கட்டிப்போட வந்ததாகச் சொல்லப்பட்ட 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டம், அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 2013ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது.

பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கப் பழைய படம் ஒன்றைத் தேடுகிறவர்கள் 'ரத்தக் கண்ணீர்' படத்தைத் தாராளமாகப் போடலாம். தொழுநோய் யாருடைய பாவத்துக்கும் கிடைத்த கூலி அல்ல என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றதை மோகனசுந்தரம் பார்த்துக்கொள்வான்.